இரண்டு பஸ்களும் ஒரு கப்பலும்

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஒரு பஸ். அதன் அடியில் வெடிகுண்டு. மணிக்கு 50 மைல் வேகத்தை, அதாவது நம் கணக்கில் 80 கிலோமீட்டரை, பஸ் தொட்டதும் குண்டு விழித்துக்கொள்ளும். அதன் பிறகு வேகம் 50-க்குக் கீழே இறங்கினால் வெடித்துவிடும். 1994-இல் வெளியான ‘ஸ்பீட்’ படத்தின் கதையைத் தியேட்டர் வாசலில் முறுக்கு விற்பவர்கூட ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அந்த ஒரு நிபந்தனை வந்து உட்கார்ந்ததும் சாலையில் இருக்கும் சாதாரணப் பொருள் ஒவ்வொன்றும் எதிரியாகிவிடுகிறது. சிவப்பு விளக்கு எதிரி. வளைவு எதிரி. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும் பெண் எதிரி. பாதி கட்டி நிறுத்திவிட்ட மேம்பாலம் எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி. சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படம் உலகெங்கும் 35 கோடி டாலர் அளவுக்குச் சம்பாதித்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே இயக்குநர் யான் டி பான்ட் இரண்டாம் பாகம் எடுத்தார். இந்த முறை பஸ்ஸுக்குப் பதில் கரீபியக் கடலில் ஓர் உல்லாசக் கப்பல். செலவு 10 கோடி டாலரைத் தாண்டியது. கடைசியில் அந்தக் கப்பல் செயின்ட் மார்ட்டின் தீவின் கரையோர ஊருக்குள் புகுந்து வீடுகளை நொறுக்கிக்கொண்டு போகும். அந்த ஒரு காட்சிக்கு மட்டும் முதல் படத்தின் மொத்தச் செலவை நெருங்கும் தொகை போனதாகச் சொல்வார்கள். வசூலோ முதல் படத்தின் பாதியைக்கூட எட்டவில்லை.

நாயகன் கியானு ரீவ்ஸ் இதில் நடிக்க மறுத்துவிட்டார். கதையைப் படித்தபோது, கப்பல் பஸ்ஸை விட மெதுவாகத்தானே போகும் என்று தனக்குத் தோன்றியதாகப் பல ஆண்டுகள் கழித்து ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். நூறு விமர்சனங்கள் சொல்ல வேண்டியதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடுகிறது. கடலில் சிக்னல் கிடையாது. வளைவு கிடையாது. குறுக்கே யாரும் குழந்தை வண்டி தள்ளுவதில்லை. கப்பல் வேகமாகப் போகிறதா மெதுவாகப் போகிறதா என்பதே கண்ணுக்குத் தெரியாது. தயாரிப்பாளர்கள் பணத்தைக் கொட்டிப் பெரிய வாகனம் வாங்கினார்கள். வாங்கும்போது அந்த நிபந்தனையைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

ஏமாற்றிய படங்களை நிறையப் பார்த்தவன் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்: அதிரடிப் படத்துக்கு உயிர் கொடுப்பது நாயகனின் கையைக் கட்டிப்போடும் கயிறு. பேய்ப் படத்துக்கு உயிர் கொடுப்பது நமக்குக் காட்டாமல் மூடி வைத்த கதவு. ஒரு படம் ஓடி, கையில் காசு சேர்ந்ததும் முதலில் அவிழ்க்கப்படுவது அந்தக் கயிறுதான். முதலில் திறக்கப்படுவது அந்தக் கதவுதான். இந்த இரண்டு வகைப் படங்களுக்கும் இன்னொரு துரதிர்ஷ்டமும் உண்டு. குடும்பக் கதை பாதி தேறினால் பாதிக் கண்ணீராவது வரும். பாதிப் பயம் என்று ஒன்று கிடையாது. பயம் பாதியில் நின்றால் அது சிரிப்பாகிவிடும்.

கயிற்றுக்கு நல்ல உதாரணம் 1988-இல் வந்த ‘டை ஹார்ட்’. ஒரு போலீஸ்காரன், ஓர் அடுக்குமாடி அலுவலகம், காலில் செருப்புகூட இல்லை. வில்லன் கண்ணாடிகளைச் சுட்டு நொறுக்கச் சொல்வான். வெறுங்காலோடு அந்தச் சில்லுகள் மீது ஓடிவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்து பாதத்திலிருந்து கண்ணாடியைப் பிடுங்கும் ப்ரூஸ் வில்லிஸைப் பார்த்தபோது நாமும் காலை மடக்கிக்கொண்டோம். அதுவரை தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடருக்குப் பெயர் போனவர் அவர். இவர் செத்தாலும் சாகலாம் என்ற சந்தேகம் பார்வையாளருக்கு இருந்தது. ஐந்தாம் பாகம் 2013-இல் வந்தபோது அதே மனிதர் மாஸ்கோவில் கார்களை நொறுக்கினார், உயரங்களிலிருந்து விழுந்தார், தூசியைத் தட்டிவிட்டு எழுந்தார். காலில் கண்ணாடி குத்தினால் வலிக்கும் ஆளை, மாடியிலிருந்து விழுந்தாலும் வலிக்காத ஆளாக மாற்றி நம்மிடம் காட்டினார்கள். அவருக்கே வலிக்காதபோது நமக்கு ஏன் வலிக்கப்போகிறது?

வலியைக் காட்ட முடியாத இடத்தில் படத்தொகுப்பு மேஜை வேகத்தைக் கடன் கொடுக்கும். ‘டேக்கன்’ வரிசையின் மூன்றாம் பாகத்தில் அறுபதைக் கடந்த லியாம் நீசன் ஒரு கம்பி வேலியைத் தாண்டுகிறார். ஆறு விநாடிதான், அதற்குள் பத்துக்கு மேற்பட்ட வெட்டுகள். கை, கம்பி, கால், முகம், மறுபடி கம்பி. யார் தாண்டினார், எப்போது தாண்டினார் என்பது வேலிக்கே தெரிந்திருக்காது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இந்தோனேசியாவிலிருந்து வந்த ‘தி ரெய்டு’ சுமார் 11 லட்சம் டாலரில் எடுத்த படம். ஒரே கட்டடம், ஒவ்வொரு மாடியிலும் எதிரிகள், போலீஸ் படை உள்ளே மாட்டிக்கொண்டது. கேமரா தள்ளி நின்று, சிலாட் என்ற தற்காப்புக் கலையில் தேர்ந்த வீரர்களின் முழு உடம்பையும் காட்டியது. அடி எங்கே விழுகிறது என்று நமக்குத் தெரிந்தது.

தமிழில் இதற்கு நேரான உதாரணம் ‘இந்தியன்’. 1996-இல் வந்த முதல் படத்தை வர்மக் கலைக்காகவும் கிழவர் வேடத்துக்காகவும் நினைவு வைத்திருக்கிறோம். அந்தப் படத்தின் முதுகெலும்பு வேறு இடத்தில் இருக்கிறது. லஞ்சம் வாங்குபவர்களைக் கொல்லும் சேனாபதியின் பட்டியலில் கடைசியாக வந்து நிற்பவன் அவர் பெற்ற மகன். யாரையும் ஒரு விரலால் சாய்க்கத் தெரிந்த மனிதரின் கையை அந்த மகன்தான் கட்டிப்போட்டிருந்தான். 28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில் வந்த இரண்டாம் பாகத்தில் நூறு வயதைத் தாண்டிய சேனாபதி ஒற்றைச் சக்கர வண்டியில் துரத்தல் காட்சியில் பறக்கிறார். அவரைத் தடுப்பதற்குப் போலீஸ் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது; மகன் இல்லை. மகனுக்கு ஈடாக அவர் நெஞ்சில் குத்தும் எதையும் படம் அவர் முன்னால் வைக்கவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்த பிறகு அடுத்த பாகத்தின் முன்னோட்டம் ஓடியது. சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தவனிடம் நாளைய சமையல் பட்டியலை நீட்டியது போல இருந்தது. சில நாட்களில் படத்தில் 12 நிமிடம் குறைத்தார்கள்.

பேய்ப் படங்களுக்கு வருகிறேன். இங்கேதான் விஷயம் சுவையானது.

1975-இல் வந்த ‘ஜாஸ்’ பேய்ப் படம் இல்லைதான். ஆனாலும் பயத்தின் பாடப்புத்தகம் அது. அதற்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் இறங்கியதும் படுத்துவிட்டது. படப்பிடிப்பு நாட்கள் இரு மடங்குக்கு மேல் நீண்டன. வேறு வழியில்லாமல் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமலே எடுத்தார். தண்ணீருக்கு அடியிலிருந்து பார்க்கும் கேமரா, தானாக நகரும் மஞ்சள் பீப்பாய்கள், ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள். முதல் ஒரு மணி நேரம் சுறா முழுதாகத் தெரிவதேயில்லை. பழுதான இயந்திரம் படத்தைக் காப்பாற்றியது. 1987-இல் நான்காம் பாகம் வந்தது. அதில் சுறா ஒரு குடும்பத்தின் மீது வன்மம் வைத்து அமெரிக்கக் கரையிலிருந்து பஹாமாஸ் தீவுகள் வரை பின்தொடர்கிறது. போதாததற்குக் கர்ஜிக்கிறது. மீன் கர்ஜிக்கும் படத்தைப் பார்த்து யார் பயப்படுவது? அதில் நடித்த மைக்கேல் கெய்ன் பிற்பாடு, அந்தப் படத்தைப் பார்த்ததில்லை, அந்தச் சம்பளத்தில் கட்டிய வீட்டைப் பார்த்திருக்கிறேன், அது அருமையாக இருக்கிறது என்கிற பொருளில் சொன்னார். அவராவது ஏமாறாமல் தப்பித்தார்.

காட்டுவது ஒரு வகைக் கேடு என்றால் விளக்குவது இன்னொரு வகை. 1973-இல் ‘எக்ஸார்சிஸ்ட்’ ஒரு வீடு, ஒரு படுக்கையறை, ஒரு சிறுமி, இரண்டு பாதிரியார்கள் என்று சுருங்கி நின்றது. அந்தச் சிறுமியைப் பேய் ஏன் பிடித்தது என்பதற்குப் படத்தில் தெளிவான பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் வீட்டுக்குத் திரும்பியும் தூக்கம் வரவில்லை. 1977-இல் வந்த இரண்டாம் பாகத்தில் இயக்குநர் ஜான் பூர்மன் பதில் சொல்லப் புறப்பட்டார். இரண்டு மனங்களை இணைக்கும் மின்னும் விளக்கு எந்திரம், ஆப்பிரிக்காவில் வெட்டுக்கிளிக் கூட்டம், ஆன்மீகத் தத்துவம் என்று படம் விரிந்தது. தியேட்டரில் ஜனங்கள் சிரித்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூர்மன் அதை மறுபடி வெட்டி ஒட்டினார்; சிரிப்பு நிற்கவில்லை. பாடம் படித்தார்களா என்றால், 2021-இல் அந்தப் பெயரில் மூன்று படங்கள் எடுக்கும் உரிமைக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் பேசப்பட்டது. 2023-இல் வந்த முதல் படத்தில் ஒரு சிறுமிக்குப் பதில் இரண்டு சிறுமிகளைப் பிடித்தது. பயம் இரண்டு மடங்காகவில்லை. அடுத்ததாக அறிவித்திருந்த படம் கைவிடப்பட்டது.

நம்மூரில் ‘சந்திரமுகி’யின் கதை இதைவிடக் கூர்மையானது. 1993-இன் மலையாள மூலத்திலிருந்து கன்னடம் வழியாகத் தமிழுக்கு வந்த அந்தக் கதையின் ரகசியமே, பங்களாவில் பேய் இல்லை என்பதுதான். பூட்டிய அறை, கொலுசுச் சத்தம், ‘ரா ரா’ எல்லாம் இருக்கும். அத்தனைக்கும் பின்னால் மனம் பிளவுபட்ட ஒரு பெண் இருப்பாள். நம் வீட்டுக்குள் நம்மோடு சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தவளே அவள் என்று தெரியும் நொடியில் முதுகு சில்லிட்டது. 2005-இல் வந்த படம் சென்னை சாந்தி தியேட்டரில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. அதே இயக்குநர் 2023-இல் எடுத்த இரண்டாம் பாகத்தில் நிஜமாகவே ஆவி வந்தது. இல்லாத பேயைக் கொண்டு பயமுறுத்திய கதை, பேய் வந்ததும் பல்லைப் பறிகொடுத்துவிட்டது.

இங்கே எனக்கு எதிரான சாட்சியையும் நானே அழைக்க வேண்டியிருக்கிறது. இதே மூலக்கதையின் ஹிந்தி வடிவத்துக்கு 2022-இல் வந்த இரண்டாம் பாகத்திலும் பேய் நிஜம். அந்தப் படம் பெரும் வெற்றி பெற்றது. ஆனால் அது பழைய நாயகனையும் பழைய நோயாளியையும் விட்டுவிட்டு, புதுக் குடும்பத்தோடு சிரிப்புப் படமாகவே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது. சிரிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கயிறு, கதவு என்று நான் சொல்லும் கணக்கு, முன்கூட்டிச் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்ப் பேய்ப் படங்கள் பலவற்றின் பயம் இடைவேளையோடு தீர்ந்துபோவதற்கு உள்ளூர்க் காரணம் ஒன்றும் உண்டு. நம் பேய்க்குக் கட்டாயம் ஒரு முன்கதை இருக்கும். நிலத்துக்காகக் கொன்றிருப்பார்கள், காதலுக்காக எரித்திருப்பார்கள். இரண்டாம் பாதியில் அந்தக் கதையைப் பார்த்ததும் நாம் பேயின் கட்சிக்கு மாறிவிடுகிறோம். நம் கட்சிக்காரரைக் கண்டு நமக்கு எப்படி நடுக்கம் வரும்? அதற்குப் பிறகு அது பழிவாங்கும் படம், பேய்தான் நாயகன். நீதி கிடைத்த திருப்தியோடு வெளியே வருகிறோம். இது தனி மரபு, அதற்கு ஒரு பெரிய ரசிகர் கூட்டமும் இருக்கிறது. நடுங்க வேண்டும் என்று டிக்கெட் வாங்கியவர் மட்டும் ஏமாந்து திரும்புவார்.

முன்கூட்டிச் சொன்ன சொல் என்றேன். அதைத் துணிந்து மீறியதில் ‘ஏலியன் 3’-க்கு இணை இல்லை. விண்வெளியில் நீ அலறினால் யாருக்கும் கேட்காது என்பது 1979-இன் முதல் படத்தோடு வந்த விளம்பர வாசகம். மூன்றாம் பாகத்துக்கு 1991-இல் விட்ட முன்னோட்டம், 1992-இல் பூமியில் எல்லோருக்கும் கேட்கும் என்று அறிவித்தது. ஏலியன் பூமிக்கு வரப்போகிறது என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். படம் வந்தது, பூமி வரவில்லை. தொலைதூரக் கோளில் ஒரு சிறைச்சாலையில் கதை நடந்தது. முழுத் திரைக்கதை கையில் இல்லாமலே படப்பிடிப்பு தொடங்கியிருந்ததால், முன்னோட்டம் போட்டவர்களுக்கே என்ன படம் வரும் என்று தெரியாது. இது போதாதென்று, இரண்டாம் பாகம் முழுக்க உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய சிறுமியைப் படத்தின் ஆரம்பத்திலேயே சாகடித்துவிட்டார்கள். இயக்குநர் டேவிட் ஃபின்ச்சரின் முதல் படம் அது. பிற்பாடு அவர் அதைத் தன் படமாகவே ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கோ அந்த இருண்ட சிறைக் காட்சிகள் மீது இன்னும் கொஞ்சம் பிரியம் இருக்கிறது. வேறு முன்னோட்டத்தோடு வந்திருந்தால் மரியாதையாகப் பிழைத்திருக்கும்.

அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்ற நிறுவனம் முதல் நாள் இரவு படம் பார்த்து வெளியே வருபவர்களிடம் அட்டை கொடுத்து மதிப்பெண் வாங்குகிறது. பேய்ப் படங்களுக்கு அதில் நல்ல மதிப்பெண் கிடைப்பது அரிது. 2012 ஜனவரியில் ‘தி டெவில் இன்சைட்’ என்று ஒரு படம். சுமார் 10 லட்சம் டாலரில் எடுத்தது, முதல் மூன்று நாளில் 3 கோடியே 30 லட்சத்துக்கு மேல் அள்ளியது. கதை உச்சத்தில் திடீரென்று அறுந்து, மேலும் அறிய இந்த இணைய முகவரிக்குச் செல்லுங்கள் என்று திரையில் எழுத்து வந்தது. தியேட்டரில் கூச்சல். மதிப்பெண்ணில் ஃபெயில். அடுத்த வாரம் வசூல் 70 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. தயாரித்தவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் மூன்று நாளிலேயே போட்ட பணத்தைப் பல மடங்காக எடுத்தாயிற்று. ஏமாற்றும் படங்கள் வந்துகொண்டே இருப்பதன் கணக்கு இதுதான்: படம் எப்படி என்ற சேதி பரவுவதற்குள் டிக்கெட் விற்றுவிட்டால் போதும்.

இங்கேயும் அதே கணக்குதான் நடக்கிறது, தொகை மட்டும் வேறு. 2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’ 2,000 கோடி ரூபாய் வசூலிக்கும் என்று தயாரிப்புத் தரப்பு வெளியீட்டுக்கு முன்பே பேசியிருந்தது. படம் பார்த்தவர்கள் முதலில் சொன்ன புகார் கதையைப் பற்றிக்கூட இல்லை, காதைப் பற்றி. சத்தம் தாங்கவில்லை என்றார்கள். ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்களைக் கேட்டுக்கொண்டதாகத் தயாரிப்பாளரே தெரிவித்தார். பிறகு அந்தப் படத்திலும் 12 நிமிடம் வெட்டினார்கள். 12 என்ன ராசியான எண்ணோ. எல்லோரும் கத்திக்கொண்டே இருந்தால் யாருடைய கத்தலும் கத்தலாகக் கேட்காது. தவில் ஓயும் இடம் இருந்தால்தான் அடுத்த அடி நெஞ்சில் விழும். அதே மாதம் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் விமர்சகர்களை விடாதீர்கள் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் நன்றாக இல்லை என்ற சேதி முன்பு பஸ் ஏறி ஊருக்குப் போய்ச் சேர இரண்டு நாளாகும். இப்போது இடைவேளைக்குள் போய்விடுகிறது என்பதே அவர்கள் துயரம்.

அந்தத் துயரத்தைப் பெரிய அளவில் பட்டது யுனிவர்சல் நிறுவனம். டிராகுலா, மம்மி, ஃபிராங்கன்ஸ்டைன் என்று தன் பழைய பேய்களை எல்லாம் ஒரே கூட்டுக் குடும்பமாக்கும் திட்டத்தை 2017-இல் அறிவித்தது. ஒரு படமும் வெளிவராத நிலையில் நட்சத்திரங்கள் ஒன்றாக இருக்கும் புகைப்படத்தை வெளியிட்டார்கள். தனிச் சின்னம் தயாரானது. டாம் க்ரூஸ் நடித்த ‘மம்மி’ வந்தது. உலகெங்கும் 40 கோடி டாலர் வசூலித்தும் நஷ்டக் கணக்கில் முடிந்தது. கூட்டுக் குடும்பம் முதல் பந்தியிலேயே கலைந்தது. அதே நிறுவனம் மூன்று ஆண்டு கழித்து ‘இன்விசிபிள் மேன்’ கதையைப் புளூம்ஹவுஸ் என்ற சிக்கனக் கம்பெனியோடு சேர்ந்து சுமார் 70 லட்சம் டாலரில் எடுத்தது. ஒரு பெண் தனியாக இருக்கும் அறையில் கேமரா மெல்லத் திரும்பி, காலியான ஒரு மூலையைக் காட்டும். அங்கே ஒன்றுமில்லை. கேமரா நகராமல் அங்கேயே நிற்கும். 14 கோடி டாலருக்கு அந்தக் காலி மூலையைப் பார்த்தோம்.

தலைப்பில் சொன்ன இரண்டாவது பஸ் பாக்கி இருக்கிறது. அது 1942-ஐச் சேர்ந்தது. ஆர்.கே.ஓ. என்ற ஹாலிவுட் பட நிறுவனம் அப்போது பணமுடையில் இருந்தது. வால் லூட்டன் என்ற தயாரிப்பாளரைக் கூப்பிட்டு, ‘கேட் பீப்பிள்’ என்று ஒரு தலைப்பை மட்டும் கையில் கொடுத்து, சொற்பத் தொகையில் திகில் படம் எடுக்கச் சொன்னது. சிறுத்தையாக மாறும் பெண் என்பது கதை. மாறுவதைக் காட்டக் காசு இல்லை. லூட்டனும் இயக்குநர் ஜாக் டூர்னரும் ஓர் இரவுக் காட்சி எடுத்தார்கள். பூங்கா மதிலோரம் ஒரு பெண் நடக்கிறாள். பின்னால் இன்னொரு பெண்ணின் காலடி. தெருவிளக்கின் வட்டத்துக்குள் ஒருத்தி வந்து போகிறாள், பிறகு மற்றவள். சட்டென்று பின்னால் வந்த காலடி நின்றுவிடுகிறது. முன்னால் போகிறவள் திரும்பிப் பார்க்கிறாள், ஓடத் தொடங்குகிறாள். இசை கிடையாது. திடீரென்று உறுமல் போல ஒரு சத்தம் திரையைக் கிழித்துக்கொண்டு வருகிறது. அது ஒரு பஸ்ஸின் பிரேக். வண்டி வந்து அவள் முன்னால் நிற்கிறது, கதவு திறக்கிறது. மதிலுக்கு மேலே மரக்கிளைகள் அசைகின்றன. அவள் ஏறிக்கொள்கிறாள்.